லேப் கதவுக்கு முன்னால் ஒரு மாமேதை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சிலையைத் திறக்கப் போனேன். திறக்காமல் திரும்பி வந்தேன்.

இடையில் என் கழுத்தில் ஏழு சால்வைகள் விழுந்தன. வீட்டுக்கு வந்ததும் வீட்டம்மா அவற்றை எண்ணி மடித்தபடியே கேட்டார்: "போன வேலையச் செய்யாததுக்கே இம்புட்டா?"

எனக்கிருந்த கோபத்துக்கு மூன்று சொம்பு தண்ணீர் தேவைப்பட்டது. யார் மேல் கோபம் என்று இப்போதே கேட்காதீர்கள். படித்துக்கொண்டே வாருங்கள்... நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

முதலில், சிலை யாருடையது?

பெயரை எழுதப் போவதில்லை. தேவையும் இல்லை. சீப்பே படாத வெள்ளைத் தலைமுடி. தொங்குமீசை. நாக்கை நீட்டியபடி ஒரு போட்டோ. ஆயிற்று, தெரிந்துவிட்டது அல்லவா? உலகத்தில் எத்தனையோ விஞ்ஞானிகள். தலைமுடியை வைத்தே அடையாளம் தெரிகிற ஆள் இவர் ஒருவர்தான். எங்கள் தெரு சலூன்காரர் தலை வாராமல் வருகிற அத்தனை பேரையும் "வாங்க விஞ்ஞானி" என்றுதான் உட்கார வைக்கிறார். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கூப்பிட முடியாதபடி என் தலை ஆகிவிட்டது. அது வேறு கதை.

பனியனில் அவர் இருக்கிறார். ஸ்கூல் பேக்கில் இருக்கிறார். பசுமலைப் பக்கம் ஒரு டியூஷன் சென்டர் வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸில் இருக்கிறார். பக்கத்தில் அவர் சொன்னதாக நாலு வரிப் பொன்மொழி. அதில் வைகை ஆற்றை வைத்து ஒரு உவமை வேறு! அவர் எப்போது வைகையைப் பார்த்தார்? பார்த்திருந்தால் தண்ணீர் எங்கே என்றல்லவா முதலில் கேட்டிருப்பார்?

என் மச்சினன் டிபார்ட்மென்ட் பரீட்சையில் கணக்குத் தாளை மூன்றாவது முறையாகக் கோட்டை விட்ட அன்று, "அவரே கணக்குல ஃபெயிலானவர்தான மாமா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அவர் ஃபெயிலாகவில்லை. சின்ன வயதிலேயே கணக்கில் புலி. இதைச் சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஏதோ அவன் சொத்தில் நான் கை வைத்த மாதிரி.

அவருடைய முடி வேண்டும். நாக்கு வேண்டும். அவர் சொல்லாத பொன்மொழி வேண்டும். அவர் வாங்காத ஃபெயில் மார்க் கூட வேண்டும். அவர் செய்த வேலை மட்டும்...?

அந்த வேலை நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது, சார். போனில் மேப் போட்டு வண்டி ஓட்டுகிறோமே? மேலே சுற்றும் சாட்டிலைட்டின் கடிகாரமும் தரையில் இருக்கும் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கான கணக்கை, சாட்டிலைட் என்கிற பேச்சே இல்லாத காலத்தில் காகிதத்தில் போட்டு வைத்தவர் அவர். அதை வைத்துத்தான் இன்றைக்கும் சரிக்கட்டுகிறார்கள். கட்டாமல் விட்டால் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் தப்பும். திருவாதவூருக்குக் கிளம்பினவன் மேலூரில் போய் நிற்பான்.

இதையெல்லாம் நான் நாலு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை. ஞாபகம் வைத்திருந்த ஒருவரால்தான் இந்த வாரப் பத்தியே.

அன்று ஒரு தலைவர் சிலைக்கு மாலை போடும் ஊர்வலத்தில் என் ஸ்கூட்டர் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்த சூட்டில் எழுதினேன். 'முக்குக்கு முக்கு சிலை வைக்கும் நம் ஊரில் ஒரு விஞ்ஞானிக்கு ஒரு சிலை உண்டா? வெட்கமாக இல்லையா?' என்றெல்லாம் வீராவேசமாகக் கேட்டிருந்தேன். பத்தி எழுதுகிறவனுக்கு அதுதானே சௌகரியம்? கேள்வி கேட்டால் போதும். பதிலுக்கு யாரும் வந்து நிற்கப் போவதில்லை என்கிற தைரியம்.

வந்து நின்றார் ஒருவர்.

முத்துக்கருப்பன். மேலூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். திருவாதவூரைத் தாண்டி ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர். ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்து என் பத்தியை நீட்டினார். வெட்டி, லேமினேட் செய்து வைத்திருந்தார்! பஜ்ஜி எண்ணெய் ஒற்றத்தான் நாம் எழுதுவது பயன்படுகிறது என்று நம்பியிருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் அவர்தானாம். அந்தப் பள்ளிக்கூடம் கட்டும்போது அவருடைய அப்பா மண் சுமந்தாராம். அந்த வளாகத்தில் தன் செலவிலும் சங்கத்தின் செலவிலும் மாமேதைக்கு மார்பளவுச் சிலை வைக்கப் போகிறாராம். "நீங்க எழுதுனது சுருக்குன்னு தச்சிருச்சுண்ணே. நீங்கதான் வந்து தொறக்கணும்" என்றார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு பத்தி சிலையாகிவிட்டதே! அன்று முழுக்க வீட்டம்மாவிடம் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "அந்தச் சிலைய அங்க எந்த எடத்துல வைக்கிறாகளாம்?"

அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

விழாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை மத்தியானம் ஒரு போன். அதே பள்ளியின் பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியை. பெயர் செல்வராணி. வணக்கம் சொன்னார். வாராவாரம் என்னைப் படிப்பதாகச் சொன்னார். நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு நன்றி சொல்வதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

"அதனாலதான் சார் உங்க மேல கோவம் கொஞ்சம் அதிகமா வருது."

விஷயம் இதுதான். சிலையை ஈசானிய மூலையில் கிழக்குப் பார்த்து வைக்க வேண்டும் என்று யாரோ வாஸ்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியின் ஈசானிய மூலையில் இருப்பது இயற்பியல் லேப். லேபுக்கு ஒரே ஒரு வாசல். வெளிப்பக்கமாகத் திறக்கிற இரட்டை இரும்புக் கதவு. அதற்கு நேர் எதிரே, முழம் கூட இடைவெளி விடாமல், பீடம் எழுப்பியாயிற்று. டைல்ஸ் கடைக்காரர் கட்டிய பீடம், கேட்க வேண்டுமா? இடுப்பளவு உயரம், வழவழவென்று டைல்ஸ்.

கதவு இப்போது ஒரு ஜாண்தான் திறக்கிறது. கை நுழையும். பூனை நுழையும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை நுழையாது.

பிராக்டிகல் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இயற்பியல் படிக்கிறவர்கள் நாற்பத்தொரு பேர். செல்வராணி டீச்சர் முதலில் பின்பக்கம் கம்பி பெயர்ந்த ஜன்னல் வழியாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒரு மாணவி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். தலைமையாசிரியர் பயந்துபோய் ஜன்னலுக்கும் தடை போட்டுவிட்டார். அவருக்கு மே மாதம் ஓய்வு. சங்கத்துக்காரர்கள்தான் பள்ளிக்கு ஃபேன் மாட்டி, குடிதண்ணீர் மெஷின் வைத்துக் கொடுத்தவர்கள். அவர்களிடம் போய்ப் பீடத்தைத் தள்ளிக் கட்டுங்கள் என்று எப்படிச் சொல்வார்?

எவ்வளவு பெரிய அக்கிரமம்! இயற்பியலுக்காகவே வாழ்ந்த ஒரு மனிதரைக் கொண்டுவந்து, இயற்பியல் லேபுக்கே குறுக்கே நிறுத்தியிருக்கிறோம். அவருடைய எதிரிகூட இப்படி ஒரு வேலையை யோசித்திருக்க மாட்டான்.

நான் என்ன செய்ய முடியும் என்று மெல்ல இழுத்தேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"துணி மூடியிருக்கிற வரைக்கும் அது சிமென்ட்டு சார். யார் வேணாலும் நகத்தலாம். நீங்க துணிய எடுத்துட்டா அது சிலை. அப்புறம் இந்த ஊருல ஒருத்தனும் தொட மாட்டான். எங்களுக்கு இருக்கறது நாளைக்குக் காலை வரைக்கும்தான்."

எவ்வளவு சரி! திறந்த சிலையை அரை அடி நகர்த்தினால் போதும்... பஸ் நிற்கும், கடை மூடும், போலீஸ் வேன் வரும். ரோட்டை வேண்டுமானால் வளைப்போமே தவிர சிலையை நகர்த்த மாட்டோம். அந்தத் துணியை உருவப் போகும் கை என்னுடையது.

ஞாயிறு காலை கிளம்பினேன். வழி தெரியாது. போனில் மேப் போட்டேன். இடது பக்கம் திரும்பு, நேராகப் போ என்று கண்மாய்க் கரை, வாழைத்தோப்பு, செங்கல் சூளை எல்லாம் தாண்டி அந்தப் பள்ளியின் கேட்டில் அது என்னைப் பிசகாமல் கொண்டுபோய் நிறுத்தியது. யாருடைய கணக்கு என்னைக் கூட்டிவந்தது? அவருடையதுதான். எதற்கு? அவரை வைத்து நாற்பத்தொரு பிள்ளைகளின் கதவை அடைக்க. ஸ்கூட்டரிலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

உள்ளே தடபுடல். கேட்டில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ். மாமேதை படத்தைவிட என் படம் பெரிது! அவர் நாக்கை நீட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பது மாதிரி அச்சடித்திருந்தார்கள். வேண்டுமென்றே செய்தது இல்லை. ஆனாலும் எவ்வளவு பொருத்தம்!

பீடத்தின் மேல் மஞ்சள் துணி போர்த்திய உருவம். கீழே கருப்பு கிரானைட் பலகை. அதில் கொட்டை எழுத்தில் என் பெயர். ஓரமாக நின்றிருந்த குட்டியானை வண்டியில் பளபளவென்று பெயின்ட் அடித்த இரும்புக் கூண்டு. நம் ஊரில் சிலை என்றால் கூண்டு வேண்டுமே! அதைச் செய்தவர் டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் காஜா பாய். முத்துக்கருப்பனுக்கு நாள்பட்ட சிநேகிதர். துணி எடுத்ததும் கூண்டை இறக்கிப் பூட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு நேரம் குறித்திருந்தார்கள். பதினொன்றே முக்காலோடு கௌரி நல்ல நேரம் முடிகிறது. பன்னிரண்டுக்கு எமகண்டம். காலம் எல்லோருக்கும் ஒன்றாக ஓடுவதில்லை என்று நிரூபித்த மனிதருக்கு நல்ல நேரம் பார்த்துத் திறப்பு விழா! இதற்கு மேலும் கோபப்படாமல் எப்படி இருப்பது, சொல்லுங்கள்?

வரிசையாக ஏழு சால்வை. வரவேற்புப் பாடல். பிள்ளைகள் சீருடையில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் செல்வராணி டீச்சர். ஒல்லியான அம்மாள். கையில் லேப் சாவிக்கொத்து. அந்த ஒரு ஜாண் கதவுக்கு எதற்குச் சாவி? அதைத்தான் எனக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

என்னைப் பேசக் கூப்பிட்டபோது மணி பதினொன்று இருபது. வீரமாக ஏதாவது செய்வேன் என்று எதிர்பார்த்தால் உங்களுக்கு என்னைத் தெரியாது. மேடையில் நின்று இது அநியாயம் என்று முழங்கும் தைரியம் எனக்கு எழுத்தில் மட்டும்தான். எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்புக் கலையைக் கையில் எடுத்தேன். அறுத்தேன்.

ஆமாம்... நல்ல நேரம் முடிகிற வரைக்கும் பேசித் தள்ளிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஒளியைப் பற்றிப் பேசினேன். காலத்தைப் பற்றிப் பேசினேன். மைக்கைப் பிடித்தவனுக்கும் வெயிலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒரே கடிகாரம் ஓடாது என்றேன். பிள்ளைகள் நிஜமாகவே தலையாட்டினார்கள். சோலார் விளக்கில் ஆரம்பித்து சூரியனுக்குப் போய், அங்கிருந்து வர வழி தெரியாமல் என் கல்யாணக் கதையைச் சொன்னேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு என் வேட்டியை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

முத்துக்கருப்பன். முகம் சிவந்திருந்தது. மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். இன்னும் மூன்று நிமிஷம்தான் இருக்கிறது, வந்து துணியை எடுங்கள் என்றார். எடுக்க மாட்டேன் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். லேப் கதவு, பரீட்சை, நாற்பத்தொரு பிள்ளைகள் எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த லேமினேட் பத்தியை எடுத்தார். என் கையில் கொடுத்தார்.

"நீங்க எழுதுனதுண்ணே இது. சிலை இல்லையே, வெக்கமா இல்லையான்னு கேட்டிருக்கீங்க. லேப்பப் பத்தி இதுல எங்க இருக்கு? காட்டுங்க."

தேடினேன். நிஜமாகவே தேடினேன். தலைமுடி இருந்தது. நாக்கு இருந்தது. சாட்டிலைட் இருந்தது. வைகை நக்கல்கூட இருந்தது. ஒரு பள்ளிக்கூட லேபைப் பற்றி, அதில் நிற்கிற ஒரு பிள்ளையைப் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. எழுநூறு வார்த்தை எழுதினவனுக்கு அது தோன்றவே இல்லை. சிலை கேட்டிருக்கிறேன். கொடுத்துவிட்டார்கள்.

கோபம் யார் மேல் என்று இப்போது பிடித்துவிட்டீர்கள்தானே?

அதற்குள் செல்வராணி டீச்சர் அங்கே வந்துவிட்டார். முத்துக்கருப்பன் அவரிடம் சமாதானமாகத்தான் பேசினார். லேப் கதவு மறைவது இவ்வளவு பெரிய விஷயம் என்று முத்துக்கருப்பனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர் காலத்தில் அந்தக் கதவு பூட்டியேதான் கிடந்ததாம். சாமான்கள் கண்ணாடி பீரோவில் இருக்கும். உடைந்தால் யார் பதில் சொல்வது என்று யாரையும் தொட விட்டதில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள்; அவ்வளவுதான். பரீட்சையன்று மட்டும் உள்ளே போய், எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அந்தக் கதவு தொறந்து நான் பாத்தது ஒரே ஒரு நாளுண்ணே" என்றார். "அது தொறக்குற கதவுன்னே எனக்குத் தோணல."

என்ன சொல்வீர்கள் இதற்கு? நான் அந்த லேமினேட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் நிற்கவில்லை.

"வாங்கண்ணே, உள்ள போய்ப் பாத்துருவோம்" என்றார். எப்படிப் போவது என்று முத்துக்கருப்பன் கேட்டார். பிள்ளைகள் எப்படிப் போனார்களோ அப்படித்தான் என்றார் டீச்சர்.

பின்பக்கம் போனோம். ஜன்னலுக்குக் கீழே பழைய பெஞ்சு ஒன்று கிடந்தது. டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு இரண்டே அசைவில் உள்ளே போய்விட்டார். முத்துக்கருப்பன் வெள்ளை வேட்டி சட்டை, தோளில் பட்டுத் துண்டு, நல்ல கனமான சரீரம். பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொண்டார். காஜா பாய் கீழிருந்து தோள் கொடுத்தார்.

"மாப்ள, வயித்த எக்கு. இல்லன்னா உன்னையும் இங்கனயே சிலையா விட்டுட்டுப் போயிருவேன்."

ஒருவழியாக உள்ளே விழுந்தார். அடுத்து நான் முயன்றேன். அதைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. ஜன்னல் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு வெளியிலிருந்தே பார்த்தேன் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் ஒரு விளக்கைப் போட்டார். அது சூடாகட்டும் என்று காத்திருந்தார். ஸ்பெக்ட்ரோமீட்டர் என்கிற கருவியின் நடுவே முக்கோணக் கண்ணாடியை வைத்தார். சின்னக் குழாயைத் திருப்பித் திருப்பி ஓரிடத்தில் நிறுத்தினார். விலகி நின்று, கண்ணை ஒட்ட வைத்துப் பாருங்கள் என்றார்.

முத்துக்கருப்பன் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. வெளியே மைக்கில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் அசையவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது, துடைக்கவில்லை.

"கோடு கோடா இருக்கு டீச்சர்" என்றார் கடைசியில். "ஊதா... பச்சை... மஞ்சள்..."

அந்தக் கோடுகளை அவருக்குத் தெரியும். ரெக்கார்டு நோட்டில் வரைந்திருக்கிறார். ஸ்கேல் வைத்து, கலர் பென்சில் தீட்டி, முழு மார்க்கும் வாங்கியிருக்கிறார். எந்தப் பச்சை என்று தெரியாததால் கிளிப்பச்சை அடித்தாராம். பார்த்ததில்லை, இப்போதுதான் முதல் தடவை. வயது ஐம்பத்திரண்டு.

மறுபடி குனிந்தார். கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"இது வேற பச்சையா இருக்கே டீச்சர்."

அவ்வளவுதான். செல்வராணி டீச்சர் விளக்கை அணைக்கவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே, ஏழு சால்வையோடு, என் வாழ்க்கையில் முதல் முறையாக எழுதுவதற்கு ஒரு வரியும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

இறங்கி வந்த முத்துக்கருப்பன் வேட்டியில் படிந்த அழுக்கைத் தட்டவில்லை. நேராகக் காஜா பாயிடம் போய்க் கூண்டை இறக்க வேண்டாம் என்றார். கடப்பாரை கிடைக்குமா என்று கேட்டார்.

தலைமையாசிரியர் வெலவெலத்துப் போனார். சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் முறுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவர் மட்டும் மணியைப் பார்த்துவிட்டு, இப்போது எமகண்டம் ஆரம்பித்துவிட்டதே என்று மெல்லச் சொன்னார்.

"இடிக்கிறதுக்கு அதை விட நல்ல நேரம் ஏது?" என்றார் காஜா பாய்.

நாலு பேர் சிலையைத் தூக்கியபோது மஞ்சள் துணி லேசாக நழுவியது. பார்த்துவிட்டேன். சிற்பி இதுவரை கோயில் வாகனங்களும் உள்ளூர்த் தலைவர்களும் மட்டுமே செய்தவராம். முடிக்கு சிங்க வாகனத்தின் பிடரியை வைத்திருந்தார். மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டிருந்தார். சட்டைப் பையில் பேனா. தோளில் மடித்த துண்டு. அவரை எங்கள் ஊர்க்காரராகவே ஆக்கிவிட்டார்! இருந்தாலும், கண்ணில் மட்டும் எப்படியோ ஒரு குறும்பு விழுந்திருந்தது. நானாகக் கற்பித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். தூக்கிக்கொண்டு போகும்போது அவருக்கு நிம்மதியாக இருந்த மாதிரி தெரிந்தது.

பீடம் சுலபத்தில் உடையவில்லை. டைல்ஸ் கடைக்காரர் கட்டியது அல்லவா? முத்துக்கருப்பனே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார். அவருடைய அப்பா மண் சுமந்த இடம். மகன் அதே இடத்தில் செங்கல் சுமந்தார். மூன்று மணிக்குக் கதவு முழுசாகத் திறந்தது. துருப்பிடித்த கீல் போட்ட சத்தம் வாழைத்தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். மைக் இல்லாமலே பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் அன்று முழுக்கப் பேசிய பேச்சுக்கு ஒரு கைதட்டுகூட விழவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சிலை இப்போது மேலூர் டைல்ஸ் கடை குடோனில் இருக்கிறது. வாஷ்பேசின்களுக்கும் வெஸ்டர்ன் டாய்லெட்டுகளுக்கும் நடுவில், மஞ்சள் துணி போர்த்தியபடி. பரீட்சை முடியட்டும், கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் முத்துக்கருப்பன். வாஸ்து கேட்கப் போவதில்லையாம். டீச்சரைத்தான் கேட்கப் போகிறாராம்.

நேற்று செல்வராணி டீச்சர் போன் செய்தார். காலை ஒரு பேட்ச், மாலை ஒரு பேட்ச் என்று பிராக்டிகல் பயிற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட மாணவிதான் முதல் ஆளாக உள்ளே போனாளாம். நன்றி சொன்னார். தயங்கி, இன்னொரு விஷயமும் சொன்னார். பீடத்தை உடைத்ததில் லேபின் வாசல்படியும் பெயர்ந்துவிட்டது. காஜா பாய் வேறு கல் தேடியிருக்கிறார். கிடைத்தது ஒன்றுதான். அந்தக் கருப்பு கிரானைட் பலகை. பின்பக்கம் மேடு பள்ளமாக இருந்ததால், எழுத்து மேலே தெரியும்படி பதித்துவிட்டாராம். வருத்தப்படாதீர்கள் சார் என்றார்.

நாற்பத்தொரு பிள்ளைகளும் தினமும் என் பெயரை மிதித்துக்கொண்டுதான் லேபுக்குள் போகிறார்கள். இத்தனை வருஷம் எழுதியதில் என் பெயர் உருப்படியாக ஒரு இடத்தில் வந்திருப்பது அங்கேதான்.